மணல் மேசை

எங்கள் ஊரில் சூரசம்ஹாரம் கிடையாது. மற்ற முருகன் கோயில்களில் ஐப்பசி சஷ்டியன்று சாமி சூரனைத் துரத்திக் கொல்வார், ஊரே கூடி நின்று பார்க்கும். திருத்தணியில் அன்றைக்குப் பூ மட்டும்தான். சண்டையை முடித்துக் கோபம் தணிந்து சாமி வந்து உட்கார்ந்த மலை இது. அதனால் இங்கே யாரும் அவருக்குச் சண்டையை ஞாபகப்படுத்துவதில்லை. கூடை கூடையாகப் பூவை மலைக்குக் கொண்டுபோய் அவர்மேல் கொட்டுவார்கள். இப்படிப்பட்ட ஊரில்தான் நாங்கள் மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமைதோறும் சண்டை நடத்திக்கொண்டிருந்தோம்.

நான் ஸ்டேஷன் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். வாடகைக்கு விடுவது, பஞ்சர் ஒட்டுவது, பழைய வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பது, இதுதான் தொழில். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. பேச்சு அதற்கும் முன்பே நின்றுவிட்டது என்று என் மனைவி சொல்வாள். யாராவது முகத்தைப் பார்த்துப் பேசினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வண்டி எடுக்க வருகிறவர்களிடம்கூடச் சக்கரத்தைப் பார்த்துத்தான் பேசுவேன். வேலை இல்லாத மத்தியானங்களில் ஏரிக் களிமண்ணில் சின்னச் சின்னதாக ஏதாவது பிடித்து எண்ணெய்க் குப்பிக்குப் பக்கத்தில் காயவைப்பேன். நாய், குதிரை, காவடி தூக்கின ஆள். யாருக்கும் காட்டியதில்லை, யாரும் கேட்டதும் இல்லை.

ஒருநாள் ஹவில்தார் பஞ்சர் ஒட்ட வந்தார். முந்தின பெரிய சண்டையில் மெசொப்பொத்தேமியா வரைக்கும் போய்வந்த பென்ஷன்காரர் அவர். ஊரில் எல்லாருக்கும் அவர் ஹவில்தார்தான். குதிரைப் பொம்மையை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நீ பண்ணதா நைனா?"

"ஆங்."

"சிப்பாய் பண்ணுவியா? விரல் ஒசரம் இருந்தாப் போதும். கையில துப்பாக்கி இருக்கணும்."

"எத்தினி வேணும்?"

"நீ பண்ணிக்கினே இரு. போதும்னு நான் சொல்றேன்."

அவர் போதும் என்று சொல்லவே இல்லை.

பட்டாளத்தில் அவர் ஒரு வெள்ளைக்கார அதிகாரிக்கு ஆர்டர்லியாக இருந்தாராம். அந்த அதிகாரியிடம் ஒரு பெட்டி நிறைய ஈயச் சிப்பாய்கள் இருந்தன. ஓய்வு நாட்களில் இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டு, மேசைமேல் மணலைக் கொட்டி மேடு பள்ளம் செய்து, இரண்டு பேரும் எதிரெதிரே நின்று சண்டை நடத்துவார்களாம். பக்கத்தில் சோடா பாட்டிலோடு நின்றுகொண்டே ஹவில்தார் அந்த ஆட்டத்தை முழுசாக மனசில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். இங்கே வந்து அதை ஆட ஓர் ஆள் கிடைக்காமல் இத்தனை வருஷம் காத்திருந்தார்.

அவர் வீட்டின் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை உண்டு. பழைய கதவு ஒன்றை இரண்டு பெஞ்சுமேல் போட்டு, நாலு பக்கமும் சட்டம் அடித்து, நந்தியாற்று மணலை நிரப்பினோம். கவிழ்த்த சட்டிமேல் மணலைப் போர்த்தினால் குன்று. வேப்பங்குச்சி நட்டால் காடு. முடிச்சுப் போட்ட கயிறுதான் அளவு. சிப்பாய் ஒரு முறைக்கு ஒரு முடிச்சுத் தூரம் நடக்கலாம், குதிரை இரண்டு முடிச்சு. சுடுவதற்கு வெள்ளைக்காரன் எதை உருட்டினானோ, நாங்கள் பித்தளைத் தாயக்கட்டையை உருட்டினோம். தாயமோ ஐந்தோ ஆறோ பன்னிரண்டோ விழுந்தால் எதிராளியின் சிப்பாய்க்குக் குண்டு பட்டது என்று அர்த்தம். வேறு எது விழுந்தாலும் குறி தப்பிவிட்டது.

கயிற்றைப் பிடிக்க நடுவில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. கடைத்தெருவில் ஆணியும் பூட்டும் லாந்தரும் விற்கிற பாய் ஒருநாள் வேடிக்கை பார்க்க வந்தார். நாங்கள் அளப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டார்.

"ரெண்டு முருக பக்தனுங்களும் திருட்டு அளவு அளக்கறீங்க. நடுவுல ஒரு பாய் இருந்தாதான் இந்த சண்டை யோக்கியமா நடக்கும்."

"ஒன் கடையில தராசு எப்டி நிக்குதுன்னு ஊருக்கே தெரியும். நீ வந்து யோக்கியம் பேசறியா?" என்றார் ஹவில்தார்.

"அது ஆணிக்கு. இது உசுருக்கு."

அந்தக் காலத்தில் ஞாயிறு எப்போது வரும் என்று இருந்தது. சிப்பாய்களுக்குச் சைக்கிள் கம்பியை வெட்டித் துப்பாக்கி வைத்தேன். கடையில் மீந்த மஞ்சளும் கறுப்பும் கொஞ்சம் சிவப்பும் கலந்து காக்கி எடுத்தேன். ஒரு சிப்பாய்க்குப் பெல்ட் கோடு இழுத்து முடிக்கும்போது வயிற்றில் ஒரு குளிர்ச்சி வரும். அதைவிடப் பெரிய சந்தோஷம், பேசாமலே மனிதர்களோடு இருக்க முடிந்தது. அந்த மேசைக்கு முன்னால் நான் என்ன நினைக்கிறேன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். என் சிப்பாய் எங்கே போகிறான் என்றுதான் பார்ப்பார்கள்.

ஹவில்தாருக்கு மனைவி இல்லை. ஒரே மகன், லாரி ஓட்டுவான். அம்மையார்குப்பத்தில் ஒரு நெசவுக்காரர் வீட்டிலிருந்து அவனுக்குப் பெண் எடுத்தார்கள். கல்யாணமான மறுவருஷமே அவன் பட்டாளத்தில் டிரைவராகச் சேர்ந்து மலாயாவுக்குப் போனான். கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு கொட்டகைக்கு வந்து, பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்த சிப்பாய்களில் ஒன்றை எடுத்தான்.

"சித்தப்பா, இதுக்கு மட்டும் மஞ்சத் தலப்பா அடிச்சி வைங்க. இது நான். எவனும் சுடக் கூடாது."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் அப்பா சிரிக்கவில்லை. நான் மஞ்சள் அடித்தேன். அதற்குப் பிறகு அந்தப் பொம்மையைக் குறிவைத்து நாங்கள் யாரும் கட்டை உருட்டியதில்லை. அப்படி ஒரு சட்டம் போட்டதாக ஞாபகம் இல்லை. கை தானாக விலகிப் போகும்.

சிங்கப்பூர் விழுந்துவிட்டது என்று ஸ்டேஷனில் பேசிக்கொண்டார்கள். மகனிடமிருந்து கடிதம் வருவது அதற்கும் முன்பே நின்றிருந்தது. காணவில்லை என்று மட்டும் சர்க்காரிலிருந்து ஒரு தகவல் வந்தது. செத்தானா, பிடிபட்டானா என்று அதில் இல்லை. நானும் பாயும் அந்த ஞாயிறு அவர் வீட்டுக்கு ஆட்டத்துக்குப் போகவில்லை, துக்கம் விசாரிப்பது மாதிரித்தான் போனோம். கொட்டகைக்குள் நுழைந்தால் மேசைமேல் மலாயா இருந்தது. பழுப்புக் காகிதத்தில் நீளமாக ரோடு. இரண்டு பக்கமும் வேப்பங்குச்சி, அது ரப்பர்த் தோட்டம். கடைசியில் நீலத் துணியை விரித்துக் கடல். கடலில் ஒரு நெருப்புப் பெட்டி, அது கப்பல். ரோட்டின் நடுவில் மஞ்சள் தலைப்பாகை.

"எங்க தப்பு நடந்திச்சின்னு பாக்கணும்" என்றார் ஹவில்தார். "நீ ஜப்பான்காரன் நைனா. இன்னா பண்ணுவியோ பண்ணு. இவனைக் கப்பல்ல ஏத்திடறேன்."

அன்றைக்கு ஏற்ற முடியவில்லை. அடுத்த ஞாயிறும் முடியவில்லை. மஞ்சள் தலைப்பாகையை நான் சுடவில்லை, ஆனால் அவனைச் சுற்றியிருந்தவர்கள் விழுந்துவிடுவார்கள், வழி அடைந்துவிடும். ஹவில்தார் வாரம் முழுக்க யோசித்து வேறு மாதிரி படையை நிறுத்துவார். பாலத்தை முன்னாலேயே உடைப்பார். பாதிப் பேரைத் தோட்டத்துக்குள் ஒளித்துவைப்பார். கயிறு அளப்பதற்குள் பாய் கேலியாக ஏதாவது சொன்னால் முன்பு பதிலுக்குப் பதில் வரும். இப்போது அவர் காதிலேயே அது விழுவதில்லை.

அந்தக் கோடையில் மெட்ராஸே காலியாகி நம் பக்கம் வந்தது. குண்டு விழப்போகிறது என்று பெட்டி படுக்கையோடு வந்து சத்திரத்திலும் மாட்டுக் கொட்டகையிலும் தங்கினார்கள். ரயிலில் விளக்குக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். பட்டாள வண்டிகள் ஜன்னலை மூடிக்கொண்டு ஸ்டேஷனில் நிற்காமல் போயின. யாரும் உரக்கப் பேசவில்லை. அந்த ஜனங்களைப் பார்த்துவிட்டு மணல் மேசைக்கு வந்து நின்றால் எது பெரியது, எது சின்னது என்று எனக்குச் சில சமயம் புரியாது.

அப்போதுதான், ஜப்பான்காரன் ரப்பர்த் தோட்டத்துக்குள் சைக்கிளில் வந்தான் என்று ஹவில்தார் எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்தார்.

"அதான் விஷயம். நீ நடத்திக் கூட்டினு வர்ற, அவன் வண்டியில வந்தான். கணக்கு அதான் ஒதைக்குது. சைக்கிள் சிப்பாய் பண்ணு நைனா. உனக்குத் தெரியாத சைக்கிளா?"

செப்புக் கம்பியைப் பென்சில்மேல் சுற்றிச் சக்கரம் செய்தேன். முதல் பத்துப் பதினைந்து நன்றாகத்தான் வந்தன. அவர் இன்னும் கேட்டார். காலை முழுக்கப் பெரிய சைக்கிள், சாயங்காலம் முழுக்கச் சின்னச் சைக்கிள். ஆடி மாதம் வாக்கில் எனக்கு ஏதோ ஆகிவிட்டது. அதை எப்படிச் சொல்வதென்று அப்போது தெரியவில்லை, இப்போதும் சரியாகத் தெரியவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. தூரிகையை எடுப்பேன், கை பெயிண்ட் டப்பா வரைக்கும் போகும், அங்கேயே நின்றுவிடும். டப்பாவின் மூடியைத் திறந்தால் அந்த வாசனைக்குக் குமட்டும். வர்ணம் அடிக்காத சிப்பாய்கள் ஒரு பிஸ்கட் தகரத்தில் சேர்ந்துகொண்டே போயின. அந்தத் தகரத்தைப் பார்க்கக் கூடாதென்று பழைய டயருக்குப் பின்னால் வைத்தேன். அது அங்கே இருக்கிறது என்று முதுகுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமையே நெஞ்சு கனக்க ஆரம்பிக்கும். ஞாயிறு மழை பெய்தால் சந்தோஷமாக இருக்கும், தகரக் கொட்டகை ஒழுகும், ஆட்டம் இருக்காது. மழை விட்டால் ஹவில்தார் ஆள் அனுப்புவார். மேசைக்கு முன்னால் நின்று கட்டையை உருட்டுவேன். என்ன விழுந்தது என்று பாய் இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கும். ஒரு காலத்தில் வயிற்றைக் குளிரவைத்த அதே பொம்மைகள் இப்போது வெறும் மண்ணாகத் தெரிந்தன, ஒவ்வொன்றும் என்னிடம் எதையோ கேட்டுக்கொண்டு நிற்கிற மண்.

"வேணாம்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடேன்யா" என்றாள் என் மனைவி. "இன்னா, வாயில கொழக்கட்டையா வெச்சினு கீற?"

"புள்ளையக் காணாத மனுசன்கிட்ட எப்டிச் சொல்றது?"

"அதுக்குன்னு நீ காணாம போயிடுவியா?"

பாயும் கவனித்திருக்கிறார். ஒருநாள் கடைக்கு வந்து உட்கார்ந்தார். நான் டயருக்குப் பின்னாலிருந்த தகரத்தை எடுத்துத் திறந்து காட்டினேன். அவர் உள்ளே பார்த்துவிட்டு மூடியை மெதுவாகப் போட்டார்.

"இது நோவு மாதிரி கீதே" என்றார். "அவருக்கும் இது நோவுதான். ரெண்டு பேர்ல யாருனா ஒருத்தர் படுத்துடுவீங்க."

பிறகு அவர்தான் அந்த யோசனையைச் சொன்னார்.

"சஷ்டி வருது இல்ல? உங்க சாமியே அன்னிக்கி வேலைக் கீழ வெச்சிட்டுப் பூவ வாங்கிக்கறாரு. அன்னிக்கி ஆட்டத்த முடிச்சிடலாம். நீ கொஞ்சம் ஒதுங்கிக்கோ. அந்த மஞ்சத் தலப்பாவக் கப்பல்ல ஏத்திடட்டும். ஜெயிச்சிட்டா மனசு அடங்கிடும். பெறவு மேசையக் கலைச்சிடலாம்."

எனக்கும் அது சரியாகப் பட்டது. இந்த ஊரில் பிறந்தவனுக்குச் சண்டை அப்படித்தான் முடியும். யாரும் யாரையும் கொல்லாமல், பூவோடு. ஊரிலிருந்த எவரைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். அது சரியாக இருக்க முடியாது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

சஷ்டியன்று ஆட்டம் வைத்துக்கொள்ளலாம் என்று பாய் சொன்னபோது ஹவில்தார் உடனே ஒத்துக்கொண்டார். பாய் சும்மா வாய் கொடுத்தார்.

"நல்ல நாள்ல நம்ம ஊர்ல சண்டை ஆவாதுன்னு சொல்லுவாங்களே."

"சாமிக்குக் கோவம் தணிஞ்சிது பாய். எனக்குத் தணியலியே."

அன்று காலையிலிருந்து பூக்கூடைகள் தெருவில் போய்க்கொண்டிருந்தன. மேளச் சத்தம் மலைமேலிருந்து இறங்கி வந்தது. கொட்டகைக்குள் மல்லிகை வாசனையும் ஈர மணல் வாசனையும் கலந்திருந்தன. ஹவில்தாரின் மருமகள் காபி கொண்டுவந்து வைத்தாள். குளித்துத் தலை நிறையப் பூ வைத்திருந்தாள். மேசைப் பக்கம் அவள் எப்போதும் திரும்பமாட்டாள், அன்றும் திரும்பவில்லை.

பாய் சொன்னபடி நான் ஒதுங்கினேன். முன்னால் நின்ற காலாட்களை மட்டும் சண்டைக்கு அனுப்பினேன். சைக்கிள் சிப்பாய்களைத் தோட்டத்துப் பாதையில் வரிசையாக நிறுத்திவிட்டு அவற்றைத் தொடவே இல்லை. பாய் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தார். மத்தியானத்துக்குள் மஞ்சள் தலைப்பாகை ரோட்டின் கடைசிக்கு வந்துவிட்டது. ஹவில்தார் தன் கையால் அதை எடுத்து நெருப்புப் பெட்டிமேல் வைத்தார்.

"ஜெயிச்சிட்டீங்க ஹவில்தாரே" என்றார் பாய்.

அவர் குனிந்து தோட்டத்துப் பாதையைப் பார்த்தார். அங்கே என் சைக்கிள் சிப்பாய்கள் காலையில் நிறுத்தினபடியே நின்றன.

"இவனுங்க ஏன் வரல?"

"சேறு..." என்றேன். "மழை பெஞ்சி சேறா இருக்கும்னு..."

"போன வாரம் மழை விட்டதும் ஆடினோமே, அப்பவும் வந்தானுங்களே."

அவர் பாயின் பக்கம் திரும்பினார்.

"நீ முந்தாநாள் அரக்கோணம் போன. அங்க இன்னா கேட்டுக்கினு வந்த?"

"ஆணி மூட்டை எடுக்கப் போனேன். எங்கிட்ட யாரு இன்னா சொல்லப் போறான்?"

"இத்தினி மாசமா என்னை ஒரு நாள் ஜெயிக்க விடல. இன்னிக்கி ரெண்டு பேரும் சேந்து விடறீங்க. எதுக்கு?" அவர் குரல் உயரவே இல்லை. "சேதி வந்திட்டு கீது. என் வாயால கேக்க வேணாம்னு பாக்கறீங்க."

"அல்லா மேல ஆணையா ஒண்ணும் வரல."

"இத்தினி வருசத்துல நீ ஆணை வெச்சி நான் பாத்ததில்ல பாய்." பிறகு என்னைப் பார்த்தார். "நீ சொல்லு நைனா. என் மூஞ்சியப் பாத்து சொல்லு."

நான் யார் முகத்தையும் பார்த்துப் பேசினவன் இல்லை. மணலைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லண்ணே" என்றேன். அவர் தலையை ஆட்டினார். உள்ளங்கையை விரித்து மேசையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மணலைச் சமமாகத் தடவினார். சிப்பாய்கள் எல்லாம் சாய்ந்து மணலுக்குள் போயின. வெளியே பூக்கூடைகள் போய்க்கொண்டே இருந்தன.

நாலைந்து நாளில் என் மனைவி தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள். ஹவில்தார் அம்மையார்குப்பத்துக்கு ஆள் அனுப்பிச் சம்பந்தியை வரச் சொல்லியிருக்கிறார். உடம்பு கிடைக்காதவர்களுக்குச் செய்கிற மாதிரி தர்ப்பையில் உருவம் கட்டி அமாவாசையன்று மகனுக்குக் காரியம் செய்யப்போகிறார்.

"அந்தப் பொண்ணுக்குப் பூவ எடுத்து வளைய ஒடைக்கப் போறாங்களாம்" என்றாள். "இருவது வயசு கூட ஆவல. நெஜமாவே சேதி வந்துச்சா?"

"வரல."

"பின்ன எதுக்குய்யா?"

பாயைக் கூட்டிக்கொண்டு ஹவில்தார் வீட்டுக்குப் போனேன். அவர் எங்களை உட்காரவைத்து, மரியாதையாகக் கேட்டார். நாங்கள் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல அவர் முகம் இன்னும் அடங்கிக்கொண்டு போயிற்று. இரண்டு பேர் ஒரு துக்கத்தை மறைக்கப் படும் பாட்டைப் பார்க்கிறவரின் முகம் அது. எங்களுக்காக அவர் வருத்தப்பட்டார் என்றே நினைக்கிறேன். "நீங்க நல்லவங்க" என்று சொல்லி அனுப்பினார்.

அமாவாசைக்கு முந்தின வாரம் ஒரு காலை அவர் மருமகள் என் கடைக்கு வந்தாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்தபடி நின்றாள்.

"சின்ன மாமா, சேதி எதுனா இருந்தா எங்கிட்ட சொல்லிடுங்க. நான் தாங்கிக்குவேன்."

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

"அப்ப ஏன் விட்டுக்குடுத்தீங்க?"

கையிலிருந்த சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். கம்பிகள் ஒன்றோடொன்று கலந்து மறைந்தன.

"முடியலம்மா" என்றேன். "அலுத்துப் போச்சி. அந்த பொம்மைங்களக் கண்டாலே ஆவல. அதான்."

அதை வாய்விட்டு நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"அலுப்பு" என்றாள். "எனக்கும் அலுப்பாதான் கீது. தெனம் ரெண்டு வேளை தபால்காரரப் பாத்துக்கினு நிக்கறேன். நான் யார்கிட்ட போய் விட்டுக்குடுக்கறது?" குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "இதையே மாமாகிட்ட சொல்லுங்க. எங்க அப்பா வந்துட்டாரு. அமாவாசை வருது."

ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட் தகரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பாயோடு போனேன். கொட்டகையில் ஹவில்தாரும் அவர் சம்பந்தியும் உட்கார்ந்திருந்தார்கள். நெசவுக்காரரின் விரல் நுனிகளில் சாயக் கறை. மேசைமேல் மணல் தடவினபடியே கிடந்தது. வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன்.

"எனக்கு அலுத்துப் போச்சிண்ணே. அதான் ஒதுங்கினேன். வேற ஒண்ணும் இல்ல."

"அலுப்பா?" ஹவில்தார் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "வெளையாட்டுல இன்னா அலுப்பு? அதுவும் உனக்கு? நீயே கையால பண்ணது."

அவருக்கு அது புரியவே புரியாது என்று தெரிந்துவிட்டது. பிள்ளையைக் காணாத தகப்பனுக்கு ஒரு நாளும் அலுக்காத ஒன்று எனக்கு எப்படி அலுக்கும்? செத்த சேதியைத்தான் அவரால் நம்ப முடியும். மணலில் கையை விட்டுத் துழாவிப் புதைந்திருந்த சிப்பாய்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். பழுப்புக் காகிதத்தை விரித்தேன். மஞ்சள் தலைப்பாகையை ரோட்டின் நடுவில் வைத்தேன். தகரத்தைத் திறந்து வர்ணமில்லாத சிப்பாய்களையும் வரிசையாக நிறுத்தினேன்.

"ஆடுங்கண்ணே."

"இன்னிக்கி ஆடற நாளா இது?" என்றார் நெசவுக்காரர்.

"இருங்க சம்பந்தி" என்றார் ஹவில்தார்.

அவர் மனசில்லாமல்தான் ஆரம்பித்தார். நான் அப்படி ஆடவில்லை. சைக்கிள்களை இரண்டு பக்கமும் இறக்கினேன். பாலத்தை அவர் உடைக்கும் முன் தாண்டினேன். கயிறு ஒரு முடிச்சுக்கு மேல் ஒரு விரல் போனாலும் பாயைத் திருப்பி அளக்க வைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக ஹவில்தார் நிமிர்ந்தார். இரண்டு தடவை நல்ல திட்டமாக என்னை மடக்கினார். அப்படியும் அவர் ஆட்கள் விழுந்துகொண்டே வந்தார்கள். கடைசியில் ரோட்டில் மஞ்சள் தலைப்பாகை மட்டும் நின்றது. எப்போதும் அந்த இடத்தில் ஆட்டம் நின்றுவிடும்.

நான் கட்டையை எடுத்தேன்.

"மஞ்சத் தலப்பாவ சுடறேன்" என்றேன்.

பாயின் கையிலிருந்து கயிறு நழுவியது. கதவுப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது, மருமகள் அங்கே நின்றிருந்தாள். ஹவில்தார் மேசையின் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். உருட்டினேன். மூன்று, குறி தப்பியது. அவர் முறை வந்தது, அவர் எதையும் நகர்த்தவில்லை. மறுபடியும் உருட்டினேன். கட்டைகள் மணலில் புரண்டு நின்றன. ஆறு.

பொம்மையை நானே என் விரலால் சாய்த்தேன். என் கை நடுங்கவில்லை. அதைத் தைரியம் என்று அன்றைக்கு எல்லாரும் நினைத்திருக்கலாம். நடுங்குவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். என்னிடம் அது மீதி இல்லை. நிமிர்ந்து ஹவில்தாரின் முகத்தைப் பார்த்தேன். அவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டகைத் தகரத்தில் காக்கை நடக்கிற சத்தம் கேட்டது.

"செத்துட்டான்னு தெரிஞ்சிருந்தா உன்னால இப்டி சுட முடியாது நைனா" என்றார் மெதுவாக. பிறகு நெசவுக்காரரிடம் திரும்பினார். "சேதி ஒண்ணும் வரல சம்பந்தி. நாந்தான் அவசரப்பட்டுட்டேன். நீங்க சாப்ட்டுட்டு ஊருக்குப் போங்க."

சாய்ந்து கிடந்த பொம்மையை எடுத்து மணலை ஊதிவிட்டு மறுபடியும் ரோட்டின் ஆரம்பத்தில் நிறுத்தினார். "வர நாயித்துக்கெழம பாக்கலாம்" என்றார். அவர் முகம் தெளிந்திருந்தது. தோற்ற மனிதரின் முகம் அவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை. இனிமேல் இது நிற்காது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

சண்டை முடிந்து வருஷங்கள் ஆகிவிட்டன. வெள்ளைக்காரனும் போய்விட்டான். பிடிபட்டவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒருவர் வந்தார், அவருக்கு இவனைத் தெரியவில்லை. வந்தவர்கள் வந்தாகிவிட்டது, இனி வருகிறவர்கள் இல்லை என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். குழாயடியில் அந்தப் பெண்ணின் தலையிலிருக்கும் பூவைப் பார்த்துச் சில பெண்கள் வாயை மூடிக்கொள்கிறார்களாம், என் மனைவி சொல்கிறாள். சர்க்காரிலிருந்து முதலில் வந்த தகவலுக்குமேல் எதுவும் வரவில்லை.

நாங்கள் இன்னும் ஆடுகிறோம். பாய்க்கு மூட்டு வலி, ஸ்டூலில் உட்கார்ந்து கயிறு பிடிக்கிறார். ஹவில்தாருக்குக் கண் மங்கிவிட்டது, சிப்பாய்களை விரலால் தடவித்தான் தெரிந்துகொள்கிறார். உடைந்தவற்றுக்குப் பதில் நான் புதிதாகப் பிடிக்கிறேன். பெயிண்ட் டப்பாவைத் திறக்கும்போது குமட்டல் இன்னும் வருகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்துவிடுவேன். ஒரு வாரம் கை சோர்ந்து நான் கொஞ்சம் மெதுவாக ஆடினாலும் அவர் தலையைத் தூக்குவார். "இன்னா நைனா, சேதி எதுனா வந்துச்சா?" என்பார். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் நான் முழுப் பலத்தோடு ஜெயிக்க வேண்டும். ஜெயித்துவிட்டுக் கடைசியில் அந்த மஞ்சள் தலைப்பாகையைச் சுட வேண்டும்.

போன வாரம் ஆட்டம் முடிந்து வெளியே வந்து கிணற்றடியில் கை கழுவினேன். அந்தப் பெண் வாசற்படியில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இன்னிக்கி சுட்டீங்களா சின்ன மாமா?"

"சுட்டேம்மா."

"சரி" என்றாள். நாரை இழுத்து அடுத்த பூவை வைத்து முடிந்தாள்.